கரை சேர்ந்த புள்ளி

எங்கள் துறையில் கணினி மன்றம் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் மன்றம். மூன்றாவது மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில் பாதியை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மீதிப் பாதியில் நாற்காலிகளே இருந்தன. கல்மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கல்லூரி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து மீன் வாடை, மூடினால் வேர்வை. இந்த இரண்டில் எது மேல் என்பதில்தான் எங்கள் கூட்டங்களின் முதல் கால் மணி நேரம் போகும்.

புதன்கிழமை மதியம் கூட்டம். வந்தால் கடைசி வகுப்புக்கு ‘ஓ.டி.’ கிடைக்கும். அதாவது வகுப்புக்குப் போகாமலே போனதாக வருகை போட்டுவிடுவார்கள். அதற்காகவே வருகிற கூட்டம் ஒன்று உண்டு. கோடிங் போட்டி நடத்துவோம், வினாடி வினா நடத்துவோம், போஸ்டர் ஒட்டுவோம், அதை வேறு துறைக்காரன் கிழிப்பான், போய்ச் சண்டை போடுவோம். இதற்கு நடுவில் எப்போதாவது உருப்படியாக ஏதாவது செய்வோம்.

எங்களுக்கு முன்னால் படித்துவிட்டுப் போனவர்கள் எங்களிடம் ஒரே ஒரு சட்டத்தை விட்டுப் போயிருந்தார்கள். டெமோ அன்றைக்கு நெட்டை நம்பாதே. அவர்கள் ஒரு முறை முகத்தைப் பார்த்து வருகை போடும் கருவி ஒன்று செய்து, சிறப்பு விருந்தினர் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கல்லூரி வைஃபை படுத்துக்கொண்டது. விருந்தினர் கேமரா முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றாராம். அந்த மானக்கேட்டுக்கு அப்புறம், மன்றத்தில் எதைச் செய்தாலும் அதற்குள்ளேயே ஒரு பொய் ஓட்டத்தையும் பதிவு செய்து வைத்துவிடுவது வழக்கமாயிற்று. நெட் இருந்தால் நிஜம் ஓடும். போய்விட்டால் பதிவு செய்தது ஓடும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. வேலை தெரிந்தவன் இப்படித்தான் செய்வான் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

படகு ஆப் என் யோசனை. என் அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியுமுன் போவார், மதியத்துக்குள் வருவார். திருவொற்றியூரில், கல் கொட்டின கரையை ஒட்டி எங்கள் குப்பம். அப்பா வர நேரமானால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கல் மேல் நின்றுகொண்டு கடலையே பார்ப்பாள். வெயிலோ மழையோ, அப்படியே நிற்பாள். சின்ன வயதிலிருந்து எனக்கு அது பிடிக்காது. என் அம்மா நிம்மதியாகச் சோறு தின்னட்டும் என்றுதான் அந்த ஆப்பைச் செய்ய உட்கார்ந்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. படகில் ஒரு பழைய போனை பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டிவைப்போம். சிக்னல் இருக்கும் வரை அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் போனில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். சிக்னல் போய்விட்டால் புள்ளி சாம்பல் நிறமாகி நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பி வரும்போது பச்சையாகும். அவ்வளவுதான். ஆனால் அதைக் குப்பத்தில் ஏற்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், போனைப் பாருங்கள் என்று ஊர்த் தலைவர் முதல் வலை பின்னுகிறவர்கள் வரை எல்லாரிடமும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஐந்தாறு படகுகளில் கட்ட விட்டார்கள். அம்மா கல் மேல் போய் நிற்பதை நிறுத்தினாள். அந்த மாதம் எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

பிறகு துறையில் கண்காட்சி வந்தது. மன்றத் தலைவன் வியாசர்பாடிப் பையன். நல்ல மூளை, வாய் அதைவிடப் பெரிது. சட்டப்படி அவன் அந்த ஆப்புக்கும் ஒரு பதிவு ஓட்டம் செய்துவைத்தான். அப்பா ஒரு நல்ல நாளில் கடலுக்குப் போய்த் திரும்பின பாதையைத்தான் எடுத்துக்கொண்டான். சிக்னல் போய்க் கொஞ்ச நேரம் ஆனதும் அந்தப் பதிவு ஓடும், புள்ளி சாம்பலாகாது. பச்சையாகவே மெல்ல மெல்லக் கரைக்கு வரும். கண்காட்சியில் எல்லாரும் கை தட்டினார்கள். பரிசும் கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை ஜூனியர்கள் குப்பத்துக்கு வந்து எல்லார் போனிலும் புது ஆப்பைப் போட்டுவிட்டுப் போனார்கள். எழுத்து பெரிதாக, தமிழில் இருக்கிறது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. அவர்கள் மன்றத்துக் கம்ப்யூட்டரில் ஃபைனல் என்று பெயர் போட்டிருந்ததைப் பார்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் ஃபைனல் என்று பெயர் வைத்தது ஒன்றா இரண்டா. அவர்கள் எடுத்து வந்தது கண்காட்சிக்குச் செய்ததை. அதற்கு அடுத்த நாட்களில் படகுகள் வழக்கம்போல வந்தன, புள்ளிகளும் வழக்கம்போல வந்தன. யாருக்குத் தெரியும்?

அந்த வியாழக்கிழமை நான் மன்றத்து அறையில் இருந்தேன். வெளியே பலத்த காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம் அம்மா போன் செய்தாள்.

"காத்து ஒரு மாதிரியா கீதுன்னு எல்லா போட்டும் சீக்கிரமே கரையேறிடிச்சி. உங்கப்பாவும் சித்தப்பாவும் கூடப் போன ஆளுந்தான் இன்னும் வரல. ஆனா வந்துகினே கீறாங்க. போன்ல பாத்துகினுதான் கீறேன். யாராச்சும் எதுனா சொன்னா நீ பயந்துகினு கெடக்காத."

எனக்கு முதலில் பயமே இல்லை. படகுகள் பேசுவதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் வந்து விழும். சும்மா திறந்து பார்த்தேன். அப்பாவின் படகு காலையில் பேசியிருந்தது. அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

"ம்மா, உன் போன்ல புள்ளி நவுருதா?"

"நவுராம இன்னா? தோ, கிட்ட வந்துகினே கீது. நான் கொழம்பு வச்சிட்டேன்."

எனக்குப் பக்கத்தில் தலைவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். திரையைக் காட்டினேன். அவன் பார்த்தான். வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே நிறுத்தினான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான்.

"டெமோ ஓடுது" என்றான்.

"இங்கருந்தே நிறுத்துடா."

"முடியாது. பாதை போனுக்குள்ளயே கீது. நெட்டே வேணாம் அதுக்கு. அதுக்குத்தான அப்டி செஞ்சோம்."

போனில் அம்மாவிடம் சொன்னேன், அந்தப் புள்ளி நிஜம் இல்லை, அப்பா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, ஓடிப்போய்த் தலைவரிடம் சொல் என்று. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமே பேசற? உங்கப்பா எப்பவும் அந்த மணல் திட்டாண்டதான் திரும்புவாரு. இப்பகூட அங்கதான் திரும்பினாரு. நான் கண்ணால பாக்கறேன்" என்றாள். திரும்பினார்தான். என்றோ ஒரு நாள் திரும்பினார். அதை எந்த வார்த்தையில் என் அம்மாவுக்குப் புரியவைப்பது? போனை வைத்துவிட்டாள்.

ஊர்த் தலைவருக்குப் போட்டேன். எங்கள் குப்பத்தில் ஒரு படகு வரவில்லை என்றால் அதைக் காணோம் என்று வீட்டுக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள். வாயில் வைக்கக் கூடாத வார்த்தை அது. தலைவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், கரையில் இருக்கிற எல்லாப் படகும் இறங்கும். அதுவரை ஒன்றும் நடக்காது. தலைவர் போனை எடுத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஏம்மா பதறிகினு கீற? வந்துகினு கீறான்மா. என் போன்லயும் தெரியுது" என்றார்.

மன்றத் தலைவனின் பைக்கில் ஏறினேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. துறைமுகத்துக்கு உள்ளே போக நிற்கிற லாரிகள். டிரைவர்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு லாரிக்கு நடுவில் பைக் கைப்பிடி நுழையாமல் நின்றோம். ஓட்டுடா, ஓட்டுடா என்று அவன் முதுகில் குத்தினேன். எங்கே ஓட்டுவான் பாவம். என் போனிலும் அந்த ஆப் இருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் புள்ளி நிதானமாக வந்துகொண்டிருந்தது. அது பொய் என்று இந்த உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தெரிந்தும் அது வரட்டும் வரட்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. பைத்தியம் பிடித்ததுபோல இருந்தது எனக்கு. காலடிப்பேட்டை வந்ததும் பைக்கை விட்டுக் குதித்து, சந்துக்குள் ஓடினேன். துப்பட்டா எங்கேயோ போய்விட்டது.

கரையில் வலைக் கொட்டகையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஆம்பளைகள் நாலைந்து பேர் சுற்றி இருந்தார்கள். அம்மாவும் சித்தியும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தார்கள். கடல் கலங்கிப் பழுப்பாக இருந்தது. அலை கல்லின் மேல் ஏறி வந்தது. நான் மூச்சு வாங்க நின்று, அப்பாவைத் தேடப் போங்கள் என்றேன்.

"குந்து. தண்ணி குடி" என்றார் தலைவர்.

"தண்ணி வேணாம் பெரிப்பா. காலைலருந்து அப்பா போன் பேசவே இல்ல. இது பழைய பாதை. காலேஜ்ல காட்டறதுக்காகச் செஞ்சது. தெரியாம இங்க வந்துடிச்சி."

"பழைய பாதைன்னா?"

"முன்னாடி ஒரு நாள் வந்தது. அதையே திரும்பத் திரும்பக் காட்டுது."

அவர் தன் போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "நவுருதும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "இந்தக் காத்துல போட்ட எறக்குனா எங்க ஆளுங்களுக்கும் ஆபத்து. வந்துகினு கீறவனத் தேடிப் போவாங்களா? நீதானம்மா வூடு வூடா வந்து சொன்ன, கடலப் பாக்காதீங்க, போனப் பாருங்கன்னு. இப்ப நீயே வந்து போனப் பாக்காதீங்கன்ற. எத நம்பறது?"

எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த மன்றத் தலைவன், சர்வர், டேட்டா என்று ஏதோ விளக்க ஆரம்பித்தான். யார் கேட்டார்கள் அதை? ஒருத்தர் சிரித்தேவிட்டார். சித்தி என்னைப் பார்த்து, "வந்துகினு கீறவங்க மேல வாய் வக்காத" என்றாள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அத்தனை பேர் நடுவில் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாலு வருடம் படித்த படிப்பில், என் அப்பா ஆபத்தில் இருக்கிறார் என்று என் சொந்தக்காரர்களுக்கே சொல்லத் தெரியவில்லை எனக்கு.

அப்போதுதான் காதில் இருந்த கம்மல் ஞாபகம் வந்தது. கழற்றினேன். தலைவர் கையிலிருந்த போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். அவர் ஏய் என்றார். கம்மலின் ஆணியைப் போனின் ஓரத்தில் சிம் தட்டுக்கு இருக்கிற சின்ன ஓட்டையில் வைத்து அழுத்தினேன். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் சிம் வெளியே வந்தது. இன்னொரு சிம்மும் அதே தட்டில் இருந்தது. இரண்டையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இப்ப இந்தப் போனுக்கு யாரும் பேச முடியாது. சரிதான பெரிப்பா? உங்களுக்கும் தெரியும் இல்ல?"

"ஆமா."

"பாருங்க."

போனை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். பச்சைப் புள்ளி கரையைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது.

தலைவர் கையில் இருந்த சிம்மைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார். பிறகு தலைவர் சிம்மைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நம்ம போட்டு ஒண்ணு காணோம்டா" என்று கொட்டகைக்கு வெளியே பார்த்துச் சொன்னார். "போட்டுக்கு எண்ணெ எடுத்துனு வாங்க."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அம்மா எழுந்து நின்றாள். சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். சந்துகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட வந்தார்கள். ஒவ்வொரு படகாக அலை மேல் தூக்கித் தள்ளினார்கள். முதல் படகை அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. திரும்பத் தள்ளினார்கள். மன்றத் தலைவனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

பிறகு எங்களுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அம்மா பழையபடி கல் மேல் ஏறி நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அப்பா இல்லாமல் போனால் இவள் என்னோடு இனிமேல் பேசவே மாட்டாள் என்று தோன்றியது. அவள் பேசாவிட்டால் என்ன, அப்பா வந்தால் போதும் என்றும் தோன்றியது. குப்பத்து அம்மனைக் கூப்பிட்டேன். வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டேன். தெரிந்த சாமி பெயர் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

அம்மா கையில் போன் இருந்தது. கடலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று தெரிந்த பிறகும் அவளால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. நானும் பார்த்தேன். புள்ளி திட்டைத் தாண்டியது. கல் வரிசையைத் தாண்டியது. கடைசியில் நாங்கள் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றது. படகு கரை சேர்ந்தது என்று பெரிய எழுத்தில், நல்ல தமிழில் காட்டியது. அந்த வரியை எழுதியது நான். எங்கள் காலடியில் வெறும் அலைதான் இருந்தது. அம்மா அதைப் படித்துவிட்டுப் போனைப் புடவையில் துடைத்தாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தபோது வடக்கே எண்ணூர்ப் பக்கத்தில் முதலில் ஒரு படகு தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இன்னொன்று. அம்மா என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குவதுபோலப் பிடித்தாள். படகு நீலம். எங்கள் படகு நீலம்தான், ஆனால் குப்பத்தில் பாதிப் படகு நீலம். அதில் மூன்று தலை தெரியும் வரை எங்களுக்கு உயிர் இல்லை. மூன்று தலை தெரிந்தது.

அப்பாவையும் சித்தப்பாவையும் கூடப் போனவரையும் கைத்தாங்கலாக இறக்கிக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். போர்வை போர்த்தினார்கள், டீ கொடுத்தார்கள். மூன்று பேருக்கும் உதடு வெளுத்திருந்தது. அப்பா மட்டும் சிரித்த முகமாக இருந்தார். காலையிலேயே இன்ஜின் நின்றுவிட்டதாம். காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போனதாம். நடுவில் ஒரு விசைப்படகு கிட்டே வந்திருக்கிறது. இந்தக் காற்றில் உங்கள் படகை இழுக்க முடியாது, ஆட்கள் மட்டும் ஏறிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சித்தப்பா ஏறப் போயிருக்கிறார். அப்பாதான் தடுத்துவிட்டார்.

"போட்ட உட்டுட்டு ஏன் போவணும்ன்னேன்" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "என் பொண்ணு பாத்துகினு கீறா, நாம நவுராம நிக்கறது அவளுக்குத் தெரியும், ஆளு அனுப்புவான்னு சொன்னேன். இவன்தான் அழுதுகினு கெடந்தான். எனக்கு ஒரு பயமும் இல்ல. நீ கட்டின அந்தப் போனப் பாத்துகினே குந்தியிருந்தேன்."

கூட்டம் கீழே பார்த்தது. தலைவர் எழுந்து வெளியே போனார்.

"நீ பாத்துகினுதான இருந்த, கண்ணு?"

"பாத்துகினுதான் இருந்தா" என்று அம்மா சட்டென்று சொன்னாள். "கண்ணயே எடுக்கல." சொல்லிக்கொண்டே என் தொடையை அழுத்திக் கிள்ளினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அப்பா நாளைக்கும் கடலுக்குப் போவார். நாளைக்கும் ஒரு விசைப்படகு வரும், நாளைக்கும் இவர் வேண்டாம் என்பார்.

"இல்லப்பா" என்றேன். "நான் பாக்கல. யாருமே பாக்கல. நீங்க வந்துகினு கீறீங்கன்னுதான் அதுல காட்டிச்சி. நீங்க எங்க கீறீங்கன்னே எங்களுக்குத் தெரியாது."

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சித்தப்பாவைப் பார்த்தார். கட்டியிழுத்து வந்த படகைப் பார்த்தார். அதில் பிளாஸ்டிக் உறை போட்ட போன் இன்னும் கட்டியபடியே இருந்தது.

"அப்ப நாங்க அங்க தனியாவா கெடந்தோம்?" என்றார்.

அதுவரை ஆடாத டம்ளர் அவர் கையில் ஆடி, டீ போர்வையில் சிந்தியது.